காயா பூத்த காடு

(பெருங்களத்தூரில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சொல் எப்பொழுது சாகிறது? வேற்றுமொழிச் சொல் ஒன்று வந்து அதன் இருக்கையில் அமர்ந்துகொள்ளும்பொழுது சாகிறது என்பது தூய தமிழ் அன்பர் எல்லாரும் அறிந்த விடை. அவ்விடை மெய்யானதே. ஆயினும், சொல்லுக்கு இன்னொரு சாவும் உண்டு. எந்தப் பகையும் வந்து தாக்காமலே, சொல் குறித்த பொருள் மண்ணைவிட்டு மறைந்துபோக, சொல் மட்டும் ஏட்டில் எஞ்சிக் கிடப்பதே அச் சாவு. அகரமுதலியைப் புரட்டினால் ‘ஒரு மரம்’ என்றும், ‘ஒரு வகைச் செடி’ என்றும், ‘ஒரு பூ’ என்றும் பொருள் எழுதப்பட்ட சொற்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். எந்த மரம், எந்தப் பூ என்று கேட்டால் விடை கூறுவார் இலர். உயிர் நீங்கிய உடலுக்குப் பெயரட்டை கட்டி வைத்தாற் போன்றது அது.

அந்நிலைக்கு மிக அருகில் வந்து நிற்கும் ஒரு சொல்லைப் பற்றியும், ஒரு செடியைப் பற்றியும், அச்செடி வாழும் காட்டைப் பற்றியும் எழுந்ததே இவ்வுரை. அச் சொல் ‘காயா’ என்பது. அதன் காடு, இப் பெருங்களத்தூரைச் சூழ்ந்த குன்றுகளிலும், கடற்கரை ஓரத்துச் செம்மண் மேடுகளிலும் ஒருகாலத்தில் பரந்து கிடந்தது.

பெயரும் அதன் பெருமையும்

முல்லைத் திணைக்கு உரிய பூக்கள் எவை என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் முல்லை, தோன்றி என்று இரண்டை உடனே கூறிவிடும். ஆனால், கழக இலக்கியத்தின் முல்லைக்காடு இரண்டு பூக்களோடு நின்றுவிட்ட காடன்று. கொன்றையும், குருந்தும், பிடவமும், தளவமும், காயாவும் ஒருசேர மலர்ந்த காடு அது. முல்லைப்பாட்டில் தலைவன் தேர் திரும்பிவரும் வழியில் காயாவும் கொன்றையும் கோடலும் தோன்றியும் மலர்ந்து நிற்கின்றன. காயாவின் நிறம் அங்கே கண்ணுக்கு இடும் மையின் நிறம். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் காயா பூத்த கிளை மயிலின் கழுத்தாகத் தோன்றுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களின் வரிசையிலும் அதற்கு இடம் உண்டு.

இந்தச் செடிக்கே ‘பூவை’ என்றும் ஒரு பெயர் வழங்கிற்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் ‘பூவைநிலை’ என்று ஒரு துறையே வகுத்திருக்கிறார். காட்டில் மலர்ந்த பூவைப்பூவை மாயோன் நிறத்தோடு ஒப்பிட்டுப் புகழ்வது அத்துறை என்பர் உரைகாரர். திருமாலைப் பூவைப்பூவண்ணன் என்றும், காயாம்பூ வண்ணன் என்றும் பாடிய பின்னோர் எல்லாரும் இந்த ஒரு செடியைக் கண்டே பாடினர். இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள திருநீர்மலையில் இறைவன் பெயர் நீர்வண்ணன். அடியார்கள் அந்த வண்ணத்தைக் கற்பனையில் தேடவில்லை. கடலில் கண்டனர், காரில் கண்டனர், குன்றின் சரிவில் மலர்ந்த காயாவிலும் கண்டனர்.

‘பூவை’ என்னும் சொல் நாகணவாய்ப் பறவைக்கும் பெயர். ஆகவே, சொல்லை மட்டும் படித்துச் செடியைக் காணாதவர், பாட்டில் பூவை என வரும் இடத்தில் பறவையா பூவா எனத் தடுமாறுவர். செடியைக் கண்டவருக்கு அத் தடுமாற்றம் இல்லை.

‘காயா’ என்பதை நோக்கினால் ‘காய்க்காதது’ என்று பொருள் தருவது போல் தோன்றும். ஆனால் அது காய்க்கும், நன்றாகவே காய்க்கும். ஒலியை மட்டும் வைத்துச் சொற்பொருள் காண முற்படுவோர்க்கு இது நல்லதோர் எச்சரிக்கை.

இதே செடியைச் சிற்றூர் மக்கள் ‘காசா’ என்றும் ‘காசான்’ என்றும் கூறுவர். கற்றவர் சிலர் இதைக் கேட்டுக் கொச்சை என்று முகம் சுளிப்பதுண்டு. கொச்சை அன்று அது. உயிர் என்பது உசிர் ஆவதும், மயிர் என்பது மசிர் ஆவதும் எல்லாரும் அறிந்தவை. யகரம் சகரமாகத் திரியும் அதே நெறியில் காயா காசாவாயிற்று. காசை என்னும் வடிவமும் அகரமுதலியில் உண்டு. சேரநாடாக இருந்து இன்று மலையாளம் பேசும் நிலத்திலோ இரு வடிவமும் உயிரோடு உள்ளன. செடியைக் காசாவு என்கின்றனர். பூவைக் காயாம்பூ என்கின்றனர். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு சொல்லைக் காத்து வைத்திருப்பவர் விறகு பொறுக்கிய பாட்டியும் ஆடு மேய்த்த சிறுவனுமே. அவர்களிடம் போய்க் கேளாமல் ஏட்டை மட்டும் புரட்டுவது தமிழாய்வு ஆகாது.

மேலை நாட்டார் இச் செடிக்கு முறையான அறிவியற் பெயர் இட்டது 18ஆம் நூற்றாண்டில். இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டறிஞர், கிரேக்கர் வேறொரு மரத்தின் பழத்திற்கு வைத்திருந்த பெயரை எடுத்து, ‘மெமிசிலோன்’ என்று 1753-இல் இவ்வினத்திற்கு வைத்தார். குடைபோன்ற பூங்கொத்துடையது என்னும் பொருளில் ‘அம்பெல்லேட்டம்’ என்பதை 1768-இல் பர்மன் என்பார் சேர்த்தார். அப் பெயர் உலக அறிஞர் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள உதவுவது. அதை வெறுக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவர்கள் பெயரிடுமுன்பே ஓர் இனம் இச்செடியை அறிந்து, பெயரிட்டு, பாட்டில் வைத்து, அதன் நிறத்தைத் தன் கடவுளுக்கே சூட்டியிருந்தது. அவ்வினத்தின் பிள்ளைகளுக்கு இன்று இரு பெயரும் தெரியவில்லை என்பதே வருந்தத்தக்கது.

செடியின் இயல்பு

காயா ஒரு புதர்ச்செடி. வெட்டாமல் விட்டால் சிறு மரமாக உயரும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை, தடித்தவை, தோல்போல் உரமுடையவை, மேற்புறம் பளபளப்பவை. கோடையின் கொடுமையிலும் அது இலையுதிர்ப்பதில்லை. பூக்கள் மிகச் சிறியன. நான்கு இதழ்களும் எட்டு மகரந்தத் தாள்களும் கொண்ட அப்பூக்கள், இலைக்கக்கத்திலும், இலை உதிர்ந்த பழைய கணுக்களிலும் கொத்துக் கொத்தாக நெருங்கி மலரும். ஆகவே, பூக்கும் நாளில் கிளையே நீலமாகத் தோன்றும். கருநீலமும் ஊதாவும் கலந்த அந்த நிறத்தைக் கண்டவர்க்கு மயிற்கழுத்து உவமை மிகையாகத் தோன்றாது. அக்காட்சி சில நாள்களே நிற்கும். அந்தச் சில நாள்களில் தேனீக்களின் ஓசை செடியைச் சுற்றி ஓயாது.

பின்னர்ச் சிறு காய்கள் தோன்றி, சிவந்து, கருத்துப் பழுக்கும். பழத்தின் தலையில் புல்லிவட்டத்தின் விளிம்பு சிறு முடிபோல் நிற்கும். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அப் பழத்தைத் தின்பர். கொண்டைக்குருவி முதலிய பறவைகள் தின்று விதையைத் தொலைவில் கொண்டுபோய் விதைக்கும். காயாவுக்கு உழவர் பறவைகளே.

மரம் இரும்பு போல் வலியது. அதைவிட வியப்பு அதன் இலை. காயா இலை, படிக்காரத்தில் உள்ள அலுமினியம் என்னும் மாழையை மண்ணிலிருந்து உறிஞ்சித் தன்னுள் தேக்கிவைக்கும் இயல்புடையது. துணியில் சாயம் பிடித்து நிற்பதற்கு அந்த மாழை வேண்டும். இந்த வேதியலை எந்தக் கல்லூரியிலும் கற்காத சோழமண்டலக் கரைச் சாயத் தொழிலாளர், காசா இலையைச் சாயவேரோடு சேர்த்துத் துணிக்கு அழியாத செந்நிறம் ஏற்றினர். கடல் கடந்து ஐரோப்பியரை மயக்கிய துணிகளின் சிவப்பில் இந்தப் புதர்ச்செடிக்கும் பங்கு உண்டு. 1868-இல் செருமானிய வேதியலார் இருவர் அச் செஞ்சாயப் பொருளைச் செயற்கையாகச் செய்து காட்டினர். விரைவில் ஆலைச்சாயம் மலிவாக வந்து குவிந்தது; சாயவேர் அகழ்ந்தோர் கைகள் ஓய்ந்தன; காசா இலையும் மறக்கப்பட்டது. மறக்கப்பட்ட செடியை வெட்டுவது எளிது. பயனற்றது என்று ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டால் அதன்பின் அரிவாளைத் தடுப்பார் இலர்.

காயாவின் காடு

செடி ஒன்றைத் தனியே எடுத்துப் புகழ்வது அரை அறிவு. செடிக்கு வீடு உண்டு. காயாவின் வீடு ‘உலர் பசுமைமாறாக் காடு’ எனப்படுவது. உலகில் மழை குறைந்த இடத்துக் காடு பெரும்பாலும் கோடையில் இலையுதிர்க்கும். மழை மிகுந்த இடத்துக் காடே என்றும் பசுமையாக நிற்கும். இந்தக் கீழைக் கடற்கரையிலோ, ஆண்டில் பாதிக்கு மேல் வறட்சி. மழையின் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அவ்வாறிருந்தும் இங்குள்ள காடு பசுமை மாறுவதில்லை. தடித்த இலையும், ஆழ்ந்த வேரும், மெல்ல வளரும் பொறுமையுமே அதன் வலிமை. அதன் மரங்கள் வானை முட்டுவன அல்ல. ஆயினும் அடர்த்தியோ, ஆடு நுழைய முடியாத அடர்த்தி.

அக் காட்டில் காயாவோடு வாழும் சுற்றத்தைக் கேளுங்கள்: பாலை, வீரை, குருந்து, மகிழ், கருங்காலி, இரும்பிலி, வெப்பாலை, காரை, களா, சூரை, வெட்சி, பிடவம். அகநானூற்றின் பொருளடைவைப் படிப்பது போலில்லையா? கழக இலக்கியத்தின் செடி வரிசை கற்பனை வரிசை அன்று என்பதற்கு இக்காட்டை விடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. உரையாசிரியரின் உரை மயங்கும் இடத்தில் காடு உரை கூறும்.

இக்காடு எங்கே போயிற்று? சென்னை பெருகப் பெருக, அதற்கு விறகு வேண்டியிருந்தது, கரி வேண்டியிருந்தது. தொடர்வண்டி வந்த தொடக்கக் காலத்தில் அதன் கொதிகலத்திற்கும் விறகே இரை. செங்கற்பட்டு மாவட்டத்துக் கடலோரக் காடு வெட்டப்பட்ட இடங்களில் விரைந்து வளரும் சவுக்கு நடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சீமைக் கருவேல் வெற்றிடங்களைப் பற்றிக்கொண்டது. தென்னமெரிக்க உண்ணிச்செடி புதர்களின் இடத்தைக் கவர்ந்தது. வேற்றுச்சொல் புகுந்து தாய்ச்சொல்லை அகற்றும் கதையை மொழியில் கண்டு கொதித்தவர்கள், அதே கதை தம் வீட்டுப் பின்புறத்துப் புறம்போக்கில் நடந்தபொழுது திரும்பியும் பார்க்கவில்லை.

குன்றுகளின் நிலை அதனினும் கொடிது. 1863 மே 30 அன்று இராபர்ட்டு புரூசு புட் என்னும் நிலநூலறிஞர் பல்லாவரத்தில் பழங்கற்கால மாந்தன் செய்த கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்நிலத்து மாந்தனின் தொன்மையை உலகுக்குக் காட்டிய கல் அது. அதே பல்லாவரத்துப் பாறைதான் கல்கத்தாவில் யோபு சார்னோக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்றது. அதனால் ‘சார்னோக்கைட்டு’ என்று, பிறந்த ஊரின் பெயரின்றி, புதைந்தவன் பெயரால் அப்பாறை உலகெங்கும் அழைக்கப்படுகிறது. அத்தகைய குன்றுகள் பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் சல்லிக்காக உடைக்கப்பட்டுப் பள்ளங்களாயின. குன்று போனால் குன்றின் மேல் இருந்த புதர் எங்கே நிற்கும்?

எஞ்சியவை

ஆயினும் முற்றும் அழிந்துவிடவில்லை. அழிந்திருந்தால் இவ்வுரைக்கே இடமில்லை. இரங்கற்பா ஒன்றே போதும். காயா என்னும் வகையும் உலகைவிட்டு நீங்கிவிடவில்லை. மேற்குமலைத் தொடரிலும் ஈழத்திலும் அது உண்டு. அரிதாகியிருப்பது அது பாடப்பட்ட நிலத்தில், அதைப் பாடியவர் வழிவந்தோர் கண்ணில்.

பெருங்களத்தூரை ஒட்டிய வண்டலூர்க் காப்புக்காட்டில் 1985-இல் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 602 எக்டேர். புலியையும் யானையையும் காணச் செல்லும் பிள்ளைகள், வேலிக்கு உள்ளே இருப்பதை மட்டுமே பார்த்துத் திரும்புகின்றனர். வேலிக்கு வெளியே நிற்கும் புதரும் ஓர் அரிய காட்சியே என்று காட்டுவார் இல்லை. 2016 திசம்பர் 12-இல் வீசிய வர்தா புயல் அப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. குட்டையாக நெருங்கி வளர்ந்து, ஆழ வேரூன்றிய புதர்க்காடு காற்றுக்கு எளிதில் சாய்வதன்று. அந்தப் பாடத்தையும் கற்பார் வேண்டும்.

மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காடு 320 எக்டேர் அளவில் நிற்கிறது. அதன் நடுவே கல்லுடைத்த பள்ளம் ஒன்று நீர்நிலையாகிக் கிடக்க, அதன் பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. கிண்டியில் 1978-இல் நாட்டுப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற காடு, மாநகரின் நடுவே 270 எக்டேரில் மூச்சுவிடுகிறது.

தாம்பரத்திலேயே உள்ள ஓர் எடுத்துக்காட்டு எண்ணத்தக்கது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் சேலையூர்க் காட்டுப்பகுதிக்கு இடம் பெயர்ந்தது. 360 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அது. அங்கு வேதியல் கற்பித்த எட்வர்டு பார்ன்சு என்னும் பேராசிரியரும் அவர் துணைவியாரும் செடிகொடிகளின் மீது கொண்ட பற்றினால், புதரைக் காத்தும் மரங்களை நட்டும் அவ்வளாகத்தைப் பேணினர். அடுத்தடுத்து வந்த ஆசிரியரும் மாணவரும் அதைத் தொடர்ந்தனர். சுற்றிலும் வீடுகள் மண்டிய பின்னும் அப்புதர்க்காடு இன்றும் உயிரோடிருக்கிறது. ஆங்கில நாட்டிலிருந்து வந்தவர் காத்த முல்லைநிலத்தை, முல்லைப்பாட்டைப் பாடமாகப் படித்தவர் காக்கத் தவறினர் என்பது கசப்பான உண்மை. கசந்தாலும் விழுங்கத்தான் வேண்டும்.

இன்னும் தெற்கே, மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டில் ஐயனார் கோயிற்காடு ஒன்று உள்ளது. அங்கே காயா அடர்ந்து நிற்கிறது. அந்தக் காட்டைக் காத்தது அரசாணை அன்று. ‘ஐயனார் காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது’ என்னும் சிற்றூர் மக்களின் கட்டுப்பாடு. அருகே 1968-இல் தோன்றிய ஆரோவில்லில், செம்மண் கட்டாந்தரையில் காட்டைத் திரும்ப வளர்க்க முனைந்தவர்கள், இத்தகைய கோயிற்காடுகளிலிருந்தே விதை திரட்டினர். கோயிற்காடு அவர்களுக்கு விதைக்களஞ்சியமாயிற்று. அழிந்த காட்டை மீண்டும் வளர்க்க முடியும் என்பதற்கு அவர்களின் உழைப்பு சான்று.

செய்ய வேண்டுவன

பெருங்களத்தூர் இன்று சிற்றூர் அன்று. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபொழுது இதுவும் பீர்க்கன்காரணையும் அதனுள் அடங்கின. 2023 திசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. மனைகள் குன்றின் அடிவரை சென்றுவிட்டன. 2015-இல் முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மிதந்ததை மறந்தவர் இங்கே இருக்க மாட்டார். குன்றின் மேல் விழும் மழையை இலையிலும் சருகிலும் வேரிலும் தாங்கி, மெல்ல மெல்ல ஏரிக்கு விடுவது புதர்க்காட்டின் வேலை. காடு நீங்கிய சரிவில் மழை நில்லாது ஓடிவரும். பாட்டுக்காக மட்டும் காயாவைக் காக்க வேண்டும் என்று எவரும் கூற வேண்டா. நீருக்காகவும் காக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன மிகப் பெரியன அல்ல.

முதலாவது, செடியை நேரிற் காணுதல். பெண்மகவுக்கு முல்லை, குறிஞ்சி, காந்தள் எனப் பெயரிட்டு மகிழும் தமிழ்க் குடும்பங்கள் பெருகியுள்ளன, பாராட்டத்தக்கது. அம்மகவு வளர்ந்து, ‘என் பெயருக்குரிய பூ எது?’ என்று கேட்டால் காட்டத் தெரிய வேண்டாமா? கழக இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர், ஆண்டுக்கு ஒருநாளேனும் மாணவரை ஒரு காட்டுக்கு அழைத்துச் செல்லட்டும். 1929-இல் மயூரநாதன் என்பார் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பூக்குஞ் செடிகளை அருங்காட்சியக வெளியீடாகத் தொகுத்தளித்தார். அத்தகைய பட்டியல் ஒவ்வோர் ஊருக்கும், தமிழ்ப் பெயரோடு, தமிழிலேயே வேண்டும்.

இரண்டாவது, முதியோரிடம் பெயர் திரட்டுதல். விறகு வெட்டியோரும் ஆடு மேய்த்தோரும் நாட்டு மருத்துவரும் மறைவதற்கு முன் அவர்கள் வாயிலிருந்து செடிப் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். காசா என்றால் காசா என்றே எழுதுக, திருத்தாதீர். திருத்தியவன் தன் அறிவைப் பதிகிறான். கேட்டபடி எழுதியவனே மொழியைப் பதிகிறான்.

மூன்றாவது, வளர்த்தல். காப்புக்காட்டில் இசைவின்றி விதை எடுப்பது சட்டப்படி குற்றம். வனத்துறையின் இசைவு பெறுக. நாட்டுச்செடி நாற்றுப்பண்ணைகளையும் நாடுக. கனிந்த பழத்தின் சதையை நீக்கி, விதை உலர்ந்து போகுமுன் நிழலில் விதைக்க வேண்டும். முளை மெல்லத்தான் வரும். செடியும் மெல்லத்தான் வளரும். முதலாண்டில் விரலளவு வளர்ந்ததைக் கண்டு சலித்துப் பிடுங்கி எறியாதீர். ஒரே மழையில் ஆளுயரம் வளர்வது சீமைக் கருவேல். காயாவோ, வேரை ஊன்றிய பின்பே தலையை உயர்த்துவது. பள்ளி வளாகத்தின் ஓர் ஓரம், ஏரிக்கரையின் மேட்டுப்பகுதி, ஐயனார் கோயிலின் பின்புறம் ஆகியவை போதும். தனியாக நடாமல், குருந்தும் களாவும் வெட்சியும் சூழ நடுக. சுற்றத்தின் நிழலில் வளர்வது அதன் இயல்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கும் காட்டைக் கைவைக்காமல் விடுதல். நூறு கன்று நடுவதினும் ஒரு புதரை வெட்டாமல் விடுவது மேல். ‘வெறும் முள்ளுக்காடு, தரிசு’ என்று ஆவணத்தில் எழுதப்படும் நிலத்தைக் கண்டால், அது முல்லை என்று எடுத்துரைக்கத் தமிழறிந்தவரன்றி வேறு யார் உளர்?

தமிழைக் காப்பதென்பது ஏட்டில் உள்ள எழுத்தைக் காப்பது மட்டுமன்று. சொல் எந்த மண்ணில் முளைத்ததோ, அந்த மண்ணையும் காப்பது. காயா என்னும் சொல் இருந்து செடி இல்லாமற் போனால், வருங்காலத்தான் ஒருவன் மாயோன் நிறம் எது என்று அறியாமலே அப் பாட்டுகளைப் படிப்பான். செடி இருந்து சொல் இல்லாமற் போனால், அவன் அதைப் பெயரறியாப் புதர் என்று வெட்டுவான். இரண்டும் ஒருங்கே நின்றால்தான் முல்லை நிற்கும்.

அடுத்த வேனிலில் பெருங்களத்தூரின் பிள்ளை ஒருவன் நீலம் பூத்த கிளையைச் சுட்டி, ‘இதுதான் காயா’ என்று தன் தம்பிக்குக் காட்டுவானாயின், இங்குக் கூடியோரின் கூட்டம் வீண்போகவில்லை.